கல் மிதந்த கடற்கரை

த்வோர்ஷாக்கோட 'ஹுசைட் ஓவர்ச்சர்' கேட்டிருக்கீங்களா? ஓவர்ச்சர்னா, நாடகத் திரை விலகுறதுக்கு முன்னாடி ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கிற இசை.

கதை 1415ல ஆரம்பிக்குது. திருச்சபையைத் திருத்தணும்னு பேசின யான் ஹுஸ்ங்கிற பாதிரியாரை உயிரோட எரிச்சாங்க. 1419லேர்ந்து பொஹீமியாவில பதினஞ்சு வருஷம் மதப் போர். 1883ல, தீப்பிடிச்சு எரிஞ்ச பிராக் தேசிய நாடக அரங்கம் மறுபடி திறக்குது. அதுக்காக எழுதினதுதான் இந்த இசை. அப்போ செக் மக்கள் ஹாப்ஸ்பர்க் ஆட்சியில இருந்தாங்க. பழைய மதச் சண்டை தேசத்தோட வீரக்கதை ஆயிடுச்சு. த்வோர்ஷாக் ஒரு கத்தோலிக்கர். ஆனாலும் ஹுஸ் ஆட்களோட போர்ப்பாட்டை எடுத்துக்கிட்டார். கூடவே கத்தோலிக்கர்கள் வணங்குற புனித வென்செஸ்லாஸ் பாட்டையும் சேர்த்தார்.

நம்ம ஊர்ல மதச் சண்டையைப் பாட்டு எப்படி ஞாபகம் வச்சிருக்கு?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈசிஆர்ல தெற்கே போனா பாண்டிச்சேரி, அப்புறம் கடலூர். அங்கே திருப்பாதிரிப்புலியூர்தான் பழைய பாடலிபுத்திரம் (பீகார்ல இருக்கிறது இல்லைங்க, இது நம்மூரு). பெரிய சமணப் பள்ளி இருந்த இடம். கி.பி. 458ல சர்வநந்தி 'லோகவிபாகம்' எழுதினது இங்கேன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஏழாம் நூற்றாண்டுல தருமசேனர்ங்கிற பேர்ல இங்கே இருந்தவர்தான் நம்ம அப்பர். சூலை நோய் வந்து, அக்கா திலகவதியார்கிட்ட போய், சைவத்துக்குத் திரும்பினார். பல்லவ மன்னன் அவரைக் கல்லோட கட்டிக் கடல்ல தள்ளச் சொல்ல, அவர் பாட, கல் மிதந்து கரை சேர்ந்துச்சுங்கிறது பெரியபுராணம். கடலூர்ல கரையேறவிட்டகுப்பம்னே ஒரு ஊர் இருக்கு.

அந்த நமசிவாயப் பதிகத்துக்குப் பண் காந்தார பஞ்சமம். இன்னைக்குக் கேதாரகௌளையில பாடுறாங்க. வரிகளைப் படிச்சுப் பாருங்க, சமணர் பேரே இல்லை. கல்லைக் கட்டித் தள்ளினாலும் அஞ்செழுத்து துணைன்னு மட்டும்தான் சொல்றார். திருநீலக்குடிப் பதிகத்துலதான் சமணர் செஞ்சதுன்னு நேராவே குற்றம் சாட்டுறார்.

இன்னொரு கல்லும் இருக்கு. மனம் மாறின அந்தப் பல்லவன், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடிச்சு, அந்தக் கல்லாலயே திருவதிகையில குணபரவீச்சரம் கட்டினானாம். இதுவும் பெரியபுராணம்தான். அவன் முதலாம் மகேந்திரவர்மன்னு வரலாற்று ஆசிரியர்கள் கருதுறாங்க. மிதந்த கல்லை எல்லாரும் பாடுறோம், இடிச்ச கல்லை யாரும் பாடுறதில்லை.

சேக்கிழார் எழுதினது பன்னிரண்டாம் நூற்றாண்டு, சம்பவம் நடந்து ஐந்நூறு வருஷம் கழிச்சு. த்வோர்ஷாக்குக்கும் கிட்டத்தட்ட அதே தூரம். ஆனா அவர் இசையில எதிர்த்தரப்புப் பாட்டுக்கும் இடம் கிடைச்சுது. சேக்கிழார்கிட்ட சமணர் வில்லனா மட்டுமே வர்றாங்க.

அவங்க காணாமப் போயிடலை. மரக்காணத்துலேர்ந்து மேற்கே திண்டிவனம், அதைத் தாண்டி மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களோட மடம் இன்னைக்கும் அங்கேதான் இருக்கு. அடுத்த எபிசோடுல அவங்க பக்கத்துக் கதை.