செம்மறித் தீவனத்தில் தாவர எண்ணெய்: ஹைட்ரஜன் விளக்கம் பற்றிய மறு ஆய்வு

தென்னிந்தியச் செம்மறிகளுக்குத் தாவர எண்ணெய் முதலில் கிடைத்தது பிண்ணாக்கின் வழியாகத்தான். செக்கில் ஆட்டிய கடலைப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 10 விழுக்காடு எண்ணெய் தங்கிவிடும். ஹெக்சேன் கொண்டு எண்ணெய் எடுத்த பிண்ணாக்கில் மிஞ்சுவது ஒரு விழுக்காட்டளவே. இரண்டாவது வகை தொட்டிக்கு வந்த காலத்தை ஓர் ஆண்டோடு முடிச்சுப் போட முடியாது. 1950களுக்குப் பின் படிப்படியாக நடந்த மாற்றம் அது. ஆகவே 'எண்ணெய் சேர்த்தல்' என்று இன்று பேசப்படுவதில் ஒரு பங்கு, ஆலை எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தருவதுதான்.

எண்ணெய் கூடினால் நார்ச்செரிமானம் குறையும் என்பதை 1954இல் புரூக்ஸ் குழுவினர் செம்மறியின் அசையூண் இரைப்பை நுண்ணுயிரிகளைக் கொண்டு காட்டினர். அதே பத்தாண்டின் அமெரிக்க ஆய்வுகளில் குதிரைமசால் சாம்பலைச் சேர்த்தபோது அந்தக் கேடு தணிந்தது. சாம்பலிலுள்ள கால்சியம் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து கரையாத சோப்பாகிறது என்பது இதற்குத் தரப்பட்ட விளக்கம். 1980களில் ஓஹையோவில் பாம்குவிஸ்டும் ஜென்கின்சும் வளர்த்தெடுத்த கால்சியக் கொழுப்பு உப்பு, இன்று 'பைபாஸ் ஃபேட்' என்ற பெயரில் மூட்டையில் விற்கிறது.

எண்ணெய் மீத்தேனைக் குறைப்பது ஏன் என்பதற்கான விளக்கம்தான் தடம் மாறிப் போனது. ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆய்வு நிறுவனத்தில் செர்காவ்ஸ்கி, பிளாக்ஸ்டர், வெயின்மன் ஆகியோர் செய்த செம்மறிச் சோதனைகள் 1966இல் வெளியாயின. ஓலெயிக், லினோலெயிக், லினோலெனிக் அமிலங்களைத் தந்தபோது மீத்தேன் குறைந்தது. இரட்டைப் பிணைப்புகள் ஹைட்ரஜனை விழுங்கிவிடுவதால் மீத்தேனுக்கு ஹைட்ரஜன் மிஞ்சுவதில்லை என்ற வாசிப்பு இங்கிருந்து பரவி, பாடநூல்களிலும் இடம்பெற்றது.

கணக்கு இதற்கு இடம் தரவில்லை. ஒரு மீத்தேன் மூலக்கூறு உருவாக நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வேண்டும். லினோலெனிக்கின் மூன்று பிணைப்புகள் மூன்றை எடுத்துக்கொள்ளும். ஓலெயிக்கின் ஒற்றைப் பிணைப்பு ஒன்றை. அந்த வாசிப்பு சரியென்றால் முன்னதன் விளைவு மும்மடங்காக இருந்திருக்க வேண்டும். ஹன்னா முடிவுகளில் மூன்று அமிலங்களுக்கும் இடையே தெரிந்த வேறுபாடோ சிறிது. நாளொன்றுக்கு 50 கிராம் ஆளி விதை எண்ணெய் தின்னும் ஆட்டில் இந்த வழியில் குறையக்கூடியது சுமார் ஒன்றரை கிராம் மீத்தேன். வளர்ந்த செம்மறி நாளொன்றுக்கு வெளியிடுவதோ 20 கிராம் அளவில். செர்காவ்ஸ்கியே பின்னாளில் ஹைட்ரஜனேற்றத்தின் பங்கு மிகச் சிறிது என்று கணக்கிட்டார். அவர் பெயரால் பழைய வாசிப்பை மேற்கோள் காட்டுவோர் இதைக் கவனிப்பதில்லை.

இன்னும் வலுவான சான்று தேங்காய் எண்ணெய். அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. விழுங்குவதற்கு இரட்டைப் பிணைப்பே அரிது. எனினும் சூரிக்கில் மாக்முல்லரும் கிராய்ட்சரும் செம்மறிகளில் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், தீவனத்தில் 3.5 விழுக்காடு தேங்காய் எண்ணெய் மீத்தேனை 28 விழுக்காடும், 7 விழுக்காடு எண்ணெய் 73 விழுக்காடும் குறைத்தன. ஹைட்ரஜன் விளக்கம் இங்கே முற்றிலும் கைவிடுகிறது. லாரிக் அமிலம் மீத்தேன் நுண்ணுயிரிகளையும், அவை ஒட்டி வாழும் புரோட்டோசோவாக்களையும் நேராகத் தாக்குகிறது என்பதே பொருந்தும் விளக்கம். 7 விழுக்காட்டு அளவைப் பண்ணைக்கான பரிந்துரையாக எடுத்துக்கொள்ளலாகாது. மொத்தக் கொழுப்பு 6, 7 விழுக்காட்டைத் தாண்டினால் நார்ச்செரிமானமும் தீனி எடுப்பும் குறைவது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

பெங்களூரு ஆடுகோடியில் 1995இல் தொடங்கிய தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் மீத்தேன் குறைப்பில் டானின் நிறைந்த தாவரப் பொருள்களில் பெரிதும் கவனம் செலுத்தியது. சமையலுக்கே எண்ணெய் இறக்குமதி செய்யும் நாட்டில் இதில் வியப்பில்லை. ஆயினும் இந்த வட்டாரத்துக்கென ஒரு கேள்வி உண்டு. பன்னூர் செம்மறி வளரும் தெற்குக் கர்நாடகத்தின் தீவனம் ராகித் தாள். நெல் வைக்கோலைவிட அதில் கால்சியம் அதிகம். குதிரைமசால் சாம்பல் செய்த வேலையை ராகித் தாளே ஓரளவு செய்யக்கூடும். அப்படியானால் அந்த 6, 7 விழுக்காட்டு வரம்பு இங்கே சற்றுத் தளரலாம். நேரடிச் சான்றின் வலு இதற்கு இல்லை. ஆனால் தாளிலுள்ள கால்சியம் எவ்வளவு கரைந்து கொழுப்பமிலத்தோடு சேர்கிறது என்பதை அளந்து பார்த்தாலே இதைத் தீர்மானித்துவிடலாம்.