தலைக்குள் ஒரு வழி

வத்தேகமவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக்குத் தலைவலி கண்டால் நாம் முதலில் நெற்றியில் பற்றுப் போடுகிறோம். பிறகு டிஸ்பென்சரிக்கு அழைத்துச் செல்கிறோம். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் விடியலில் கடுத்து வரும் வலியும், வாந்தியும், மேல்நோக்க இயலாத கண்களும் ஒன்றுசேர்ந்தால், மூளையின் நட்ட நடுவே, பீனியல் சுரப்பியருகே கட்டி தோன்றியிருக்கக் கூடும். அது மூளைநீரின் பாதையை அடைக்கிறது, தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது, பார்வை மங்குகிறது.

இக்கட்டியை எவ்வழியால் அணுகுவது? எப்பக்கம் சென்றாலும் உயிருக்கு இன்றியமையாத பகுதிகள் அருகே நிற்கின்றன. 1913இல் ஜெர்மானியரான பெடோர் கிரவுசே, சிறுமூளைக்கும் அதன் மேற்கூரையான சவ்வுக்கும் இடையே நுழைந்து ஒரு சிறுவனின் கட்டியை அகற்றினார். 1921இல் அமெரிக்கரான வால்டர் டான்டி மேலிருந்து இறங்கும் வழியை விவரித்தார். மூளையின் இரு பாதிகளுக்கும் இடையே சென்று, அவற்றை இணைக்கும் நரம்புப் பாலத்தைப் பிளப்பது அவர் முறை.

வழி தெரிந்தது; பிழைத்தோர் சிலரே. ஆகவே பல்லாண்டுகள் வைத்தியர் பலர் கட்டியைத் தொடவே அஞ்சினர். நோர்வே நாட்டுத் தோர்கில்ட்சன் 1939இல் காட்டியவாறு குழாய் வைத்து நீரை வடித்தனர். கட்டிக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தனர். நுண்காட்டி சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வந்த பின்னரே நிலைமை மாறியது. 1971இல் பெனட் ஸ்டைன் அதன் துணையோடு கிரவுசேயின் பழைய வழிக்குப் புத்துயிர் அளித்தார். அதே ஆண்டில் லண்டனில் முதல் நோயாளியின் மூளை சி.டி. கருவியால் படமாக்கப்பட்டது.

இவ்வறிவு நம் பக்கமும் வந்தது. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னையில் பி. ராமமூர்த்தியும், 1956இல் கொழும்பில் ஷெல்டன் கப்ராலும் நரம்பியல் சத்திரசிகிச்சைக்கு அடிகோலினர்.

அதே காலத்தில் மலைநாட்டில் நடந்தது என்ன? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அவர்களுடைய மருத்துவமோ நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் கையில் கிடந்தது. விஞ்ஞானம் மூளையின் ஆழத்தை எட்டியபோதும், லயத்திலிருந்து பெரிய வைத்தியசாலைக்கான வழி நீண்டதாகவே இருந்தது.

நாள் பேர் போய்விடுமே என்று தாய் தயங்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் பார்வைக்கு ஆபத்து. ஆகவே, கரும்பலகையைக் காணத் தடுமாறும் மாணவனைச் சோம்பேறி என்று வைவதற்கு முன், ஆசிரியர்களாகிய நாம் அவன் தலைவலியை விசாரிப்போம்; காலந்தாழ்த்தாது கண்டிக்கு அனுப்பச் செய்வோம். பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் தாய்க்கு அன்றைய கூலி குறையாதிருக்கக் குரல் கொடுப்போம். பலரின் உழைப்பாலும், பிழைக்காத நோயாளர் பலரின் உயிராலும் விளைந்த இவ்வறிவு மனிதகுலம் முழுமைக்கும் உரியது. லயத்துப் பிள்ளைக்கும் உரியது.