மேலேறும் படி

1856-இல் தென்னகத்தின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அந்த இரும்புப் பாதையில் உழைத்தோர் அனைவரும் உயர முடிந்ததா எனக் கேட்கிறோம் நாம். 'தேர்வுப் பதவி' என்றால் பணிமூப்பு மட்டும் போதாது. மேலோரின் மதிப்பீடு வேண்டும்! அப்படியில் தாழ்த்தப்பட்டோருக்கும் இடம் ஒதுக்கியபோது, தென்னக ரயில்வேயின் பொது மேலாளரை எதிர்த்து எழுந்ததே ரங்காச்சாரி வழக்கு. சென்னை உயர்நீதிமன்றம் மறுத்த ஒதுக்கீட்டை 1961-இல் உச்சநீதிமன்றம், ஐவரில் மூவர் தீர்ப்பால், ஏற்றது. 1992-இல் மீண்டும் மறுப்பு. 1995-இல் அரசியல் சட்டத் திருத்தம் அதை மீட்டது.

மதிப்பீடோ மந்தணமாகவே நின்றது. 'மிக நன்று' வேண்டிய இடத்தில் வெறும் 'நன்று' எனத் தம்மைப் பற்றி எழுதியிருப்பதை அறியாமலே உயர்வை இழந்தார், எல்லைச் சாலைத் துறைப் பொறியாளர் ஒருவர். எழுதிய குறிப்பை ஊழியருக்குத் தெரிவித்தே தீரவேண்டும் என உச்சநீதிமன்றம் உரைத்தது 2008-இல். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார்.