ஊசியின் வம்சம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலை ஒரு விசித்திரமான சாலை. ஒரு பக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 1017-இல், ராமானுஜர் அவதரித்த தலம். மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தொழிற்சாலைகள். கார், லாரி, கண்ணாடி, டெலிபோன் என்று சகல சாமான்களும் இங்கே உற்பத்தியாகின்றன. ஒரகடத்தில் 2013-ஆம் ஆண்டிலும், பக்கத்து வல்லம் வடகாலில் 2017-ஆம் ஆண்டிலும் ராயல் என்ஃபீல்ட் கம்பெனியார் தொழிற்சாலை திறந்தார்கள். 'டுப்பு டுப்பு' என்று நிதானமாக முழங்கிக்கொண்டு தெருவில் போகும் புல்லட் மோட்டார் சைக்கிளைத் திரும்பிப் பார்க்காதவர் யார்?

அந்தக் கம்பீரமான வாகனத்தின் பாட்டனார் ஒரு தையல் ஊசி என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் சரித்திரம் அப்படித்தான் சொல்கிறது.

ஊசி என்றால் நமக்கு அற்பப் பொருள்தான். திருவெண்காடரின் கதையிலேகூட, உலகத்தின் பெரிய செல்வமெல்லாம் ஒன்றுக்கும் உதவாது என்று காட்டுவதற்கு அகப்பட்டது காதற்ற ஓர் ஊசி. அதைப் பார்த்த பெரிய வணிகர் பட்டினத்தாராகிவிட்டார். அதைவிட அற்பமான பொருள் அந்த வீட்டில் வேறு இருந்திருக்காது! ஆனால் அந்த அற்பப் பொருளைச் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஊசி செய்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ரெட்டிச் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் வாங்கிய ஊசிகளில் பெரும் பகுதி இந்த ஊரிலும் இதைச் சுற்றிய கிராமங்களிலும் பிறந்தவைதாம். எஃகுக் கம்பியை இரண்டு ஊசி நீளத்துக்கு வெட்டுவார்கள். இரண்டு முனையையும் கூராக்குவார்கள். நடுவில் இரண்டு காது குத்தி, ஒடித்துப் பிரிப்பார்கள். பிறகு நெருப்பில் காய்ச்சிப் பதம் போட்டு, மூட்டை மூட்டையாகக் கட்டி, நாள் கணக்கில் உருட்டித் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒரு ஊசி கடைக்கு வருவதற்குள் பல கைகள் மாற வேண்டும்.

இவற்றில் முனை கூராக்கும் வேலைக்குத்தான் கூலி அதிகம். காரணம், அந்த வேலையில் ஆயுள் குறைவு. சுழலும் சாணைக் கல்லின் முன்னால் குனிந்து, கை நிறையக் கம்பிகளைப் பிடித்து உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். கல்லின் தூளும் எஃகின் தூளும் மூச்சோடு உள்ளே போகும். நுரையீரல் அரித்துப்போய், நடுவயதைக் காணாமலே பலர் மாண்டார்கள். தூளை இழுத்து வெளியேற்றும் விசிறிகள் வந்தபோது அந்தத் தொழிலாளிகளே அவற்றை எதிர்த்தார்கள் என்பதுதான் வயிற்றைப் பிசையும் விஷயம். ஆபத்து போனால் கூலியும் குறைந்துவிடுமே என்ற பயம் அவர்களுக்கு! நம் பாட்டிமார் முந்தானையில் குத்தி வைத்திருந்த ஊசிக்கு இப்படி ஒரு விலை இருந்தது.

இந்த ரெட்டிச்சுக்கு அருகே ஹண்ட் எண்ட் என்ற இடத்தில் 1851-ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன்செண்ட் என்பவர் ஓர் ஊசித் தொழிற்சாலை ஆரம்பித்தார். அதே 1851-இல், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், ஐசக் சிங்கர் தம் தையல் யந்திரத்துக்குப் பேடண்ட் உரிமை பெற்றார். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கக் கூடமாட்டார்கள். ஆனால் இரண்டு கதையும் ஊசி முனையில்தான் நிற்கின்றன.

யந்திரத்தால் தைக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். பிரான்சில் திமோனியே என்ற தையற்காரர் 1830-இல் ஒரு யந்திரம் செய்து, ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கப் பட்டறை வைத்தார். பிழைப்புப் போய்விடும் என்று பயந்த மற்றத் தையற்காரர்கள் அடுத்த ஆண்டே கூட்டமாகப் புகுந்து யந்திரங்களை நொறுக்கிவிட்டார்கள். பிறகு அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-இல் வேறு விதமான யந்திரத்துக்கு உரிமை பெற்றார். கை ஊசிக்குக் காது தலையில் இருக்கிறது. அவருடைய ஊசிக்குக் காது முனையிலே இருந்தது. காட்டுமிராண்டிகள் தம்மை ஈட்டியால் குத்த வருவதாகவும், ஒவ்வோர் ஈட்டியின் முனையிலும் ஒரு துளை இருந்ததாகவும் அவர் கனவு கண்டார் என்று ஒரு கதை உண்டு. கனவு நிஜமோ பொய்யோ, துளை நிஜம். இன்றைக்கு உங்கள் வீட்டு மிஷினிலும் காது முனையில்தான் இருக்கிறது.

அதனால் என்ன லாபம்? யந்திரம் ஒரு தையல் போடுவதை மெதுவாகச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். மேல் நூலைச் சுமந்துகொண்டு ஊசி துணிக்குள் இறங்குகிறது. அடிமட்டத்தைத் தொட்டுச் சற்றே மேலே எழும்புகிறது. அப்போது நூல் துணியின் பிடியில் அகப்பட்டுப் பின்தங்கி, ஊசிக்குப் பக்கத்தில் சிறு வளையமாகப் புடைக்கிறது. சரியாக அந்தக் கணத்தில் கீழே ஷட்டிலின் கொக்கி வந்து வளையத்துக்குள் நுழைந்து, அதை பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. இரண்டு நூலும் துணியின் நடுவில் கைகோத்துக்கொள்கின்றன. கொக்கிக்கும் ஊசிக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய காகிதம் நுழையும் இடைவெளிதான்.

இதைப் புரிந்துகொண்டால் மிஷினுக்கு வரும் வியாதிகளில் பாதி புரிந்துவிடும். தையல் விட்டு விட்டு விழுகிறதா? ஊசி இம்மி வளைந்தாலும் கொக்கி வளையத்தைத் தவறவிடும். ஊசியைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின்மேல் படுக்க வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். வளைவு இல்லாவிட்டால், ஊசியின் தட்டைப் பக்கம் உரிய திசையில் இருக்கிறதா, மேலே முட்டும் வரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். துணிக்கு அடியில் நூல் கொசகொசவென்று கூடு கட்டினால் எல்லாரும் பாபினைத் திட்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் மேல் நூலில். அது டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் வெளியே ஓடுகிறது. துணியை அழுத்தும் காலைத் தூக்கிவிட்டு நூல் கோத்தால் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே வாங்கிக்கொள்ளும். நூல் அடிக்கடி அறுந்தால், எப்போதோ ஊசி ஒடிந்தபோது அடித்தகட்டில் விழுந்த பிசிரை விரலால் தேடுங்கள்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெயை விடும் புண்ணியவதிகள் இருக்கிறார்கள். அது சில மாதத்தில் பிசினாக இறுகி, மிஷின் மூச்சுவிடத் திணறும். அப்போது கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டி, துடைத்துவிட்டு, பிறகு மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்பது நம் ஊர் டெய்லர்களின் பழைய வைத்தியம்.

தையல் யந்திரத்தின் குடும்பத்தில் ஒரு பீமனும் உண்டு. பழைய புடவைகளை அடுக்கிப் போர்வை தைப்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த கலை. வங்காளத்தில் அதற்குக் காந்தா என்று பெயர். மேல்நாட்டில் இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கிறார்கள். அதற்கென்றே லாங்-ஆர்ம் க்வில்டிங் மிஷின் என்று, நீண்ட கை கொண்ட ஒரு யந்திரம் இருக்கிறது. இப்போது பலர் அதை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். பத்து, பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தில் துணியைப் பாய் சுருட்டுவதுபோல் உருளைகளில் சுற்றி விரிப்பார்கள். சாதாரண மிஷினில் துணி நகரும், தலை அசையாது. இதில் துணி அசையாது. யந்திரத்தின் தலையே தண்டவாளத்தில் சக்கரம் வைத்து ஓடும். தைப்பவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காகிதத்தில் கோலம் வரைவதுபோல் தைத்துக்கொண்டே போகலாம்.

கேட்பதற்குச் சுகமாக இருக்கிறது. ஆனால் ஊசி துணிக்குள் இருக்கும்போதே தலை நகர்ந்தால் ஊசியின் கதி என்ன? வளையும். வளைந்த ஊசியைக் கொக்கி தவறவிடும். சில சமயம் கொக்கியே ஊசியில் இடித்துக்கொள்ளும். உடனே யந்திரத்தின் 'டைமிங்' கெட்டுவிட்டது என்று திருப்புளியை எடுப்பவர்கள்தாம் அதிகம். அனுபவசாலிகள் அதைக் கடைசியில்தான் தொடுவார்கள். முதலில் புது ஊசி போடுவார்கள். பிறகு நூலை அடியோடு எடுத்து மறுபடி கோப்பார்கள். பாபின் கூட்டில் சேர்ந்த பஞ்சைத் தூரிகையால் துடைத்து, கொக்கியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள். துணி மத்தளம்போல் இழுபட்டிருந்தால் தளர்த்துவார்கள். விரலால் அமுக்கினால் சற்று நெகிழ வேண்டும். தண்டவாளத்தில் கிடக்கும் நூல் துணுக்கைக்கூடத் துடைப்பார்கள், சக்கரம் அதன்மேல் ஏறினால் வளைகோடு கோணும் என்பதற்காக. இத்தனைக்கும் பிறகு குறை தீராவிட்டால்தான் திருப்புளி. பெரும்பாலோர் அதுவரை போக வேண்டியிராது.

நம் நாட்டில் தையல் மிஷினுக்கு ஒரு மகத்தான சிபாரிசு கிடைத்தது. யந்திரங்களைக் கண்டித்த காந்திஜி, 1924-இல் ஒரு சம்பாஷணையில், சிங்கர் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்து அவதிப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். நிஜ சிங்கர் நாடக நடிகர். பல குடும்பங்கள், இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள். அவரை ஏவியது அன்பைவிட ஆதாயம்தான். ஆனாலும் காந்திஜியின் தீர்ப்புத் தவறவில்லை. மனிதனை விரட்டாமல் மனிதனுக்குத் துணையாக நிற்கும் யந்திரம் எது என்று அவர் சரியாகவே கண்டுகொண்டார். கல்கத்தாவில் லாலா ஸ்ரீராமின் ஜெய் என்ஜினீயரிங் கம்பெனி 1930-களில் 'உஷா' மிஷினைச் செய்ய ஆரம்பித்த பிறகு அது நடுத்தர வீடுகளுக்குள்ளும் வந்தது. தமிழ்நாட்டு அரசு ஆதரவற்ற பெண்களுக்கு இலவசமாகத் தையல் யந்திரம் வழங்கும் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரை வைத்திருக்கிறது. ஓர் ஊசி ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்பது சர்க்காருக்கும் தெரிந்திருக்கிறது!

இனி டவுன்செண்ட் வீட்டுக்குத் திரும்புவோம். ஊசி செய்து தேர்ந்த கைகளுக்கு எஃகின் குணம் தெரியும்; மயிரிழை அளவு தெரியும். 1880-களில் அந்தத் தொழிற்சாலை சைக்கிள் பாகங்களுக்கு மாறியது. இது ஒன்றும் அதிசயம் அல்ல. ஜெர்மனியில் ஆடம் ஓப்பல் 1862-இல் தையல் மிஷின் செய்ய ஆரம்பித்தார்; அவர் குடும்பம் பிறகு கார் செய்தது. 1891-இல் டவுன்செண்ட் கம்பெனி ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் கைக்கு மாறியது. என்ஃபீல்ட் என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு அவர்கள் பாகங்கள் செய்து கொடுத்தார்கள். அந்தச் சம்பந்தத்தில் பிறந்த பெயர்தான் ராயல் என்ஃபீல்ட். 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் கதை முடிந்துவிட்டது. வம்சம் திருவொற்றியூரில் வளர்ந்து ஒரகடத்துக்கு வந்து சேர்ந்தது.

ரெட்டிச்சில் இன்று ஊசிக்கு ஒரு மியூசியம் இருக்கிறது. உலகத்துக்கே ஊசி கொடுத்த ஊர், ஊசியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுகிறது! இது ஏதோ தூரதேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா தொழிற்சாலை வந்தபோது ஊரே திருவிழாவாக இருந்தது. 2014-இல் அது மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் இளம் பெண்கள் ஏராளம். தொழிற்சாலைகள் வரும், போகும். போகாமல் தங்குவது கைத்திறன் ஒன்றுதான். ரெட்டிச்சின் ஊசித்திறன் சைக்கிளாகவும் துப்பாக்கியாகவும் மோட்டாராகவும் உருமாறிப் பிழைத்துக்கொண்டது. செய்வதன் காரணம் தெரிந்த கைதான் அப்படி உருமாற முடியும். பொத்தானை அமுக்க மட்டும் பழகிய கைக்கு அது முடியாது.

ஆகையால் வீட்டில் மிஷின் தகராறு செய்தால், மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புமுன், வீட்டுப் பெண்ணையும் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வளையம் எங்கே பிறக்கிறது, கொக்கி எப்போது வருகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு புது ஊசி ஒன்றை மாட்டுங்கள். சிக்கனம் பார்த்து ஒரே ஊசியை ஆண்டுக்கணக்கில் ஓட்டாதீர்கள். கழற்றிய ஊசியை ஜன்னல் வழியாக எறியாமல் ஒரு பழைய டப்பியில் போட்டு மூடி வையுங்கள். ஊசி ஏற்கனவே எத்தனையோ பேரைக் குத்திவிட்டது; தெருவில் போகிறவர் காலிலும் ஏற வேண்டாம்.