மேல்முறையீடு, கொலை வழக்கில்

கொலைக் குற்றத்துக்காக அமர்வு நீதிமன்றம் விதித்த தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாடும் சட்ட உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 415ஆம் பிரிவு (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 374) இதற்கு இடமளிக்கிறது.

நடைமுறை: மரண தண்டனை தவிர்த்த தண்டனைகளுக்குக் காலவரம்பு 60 நாள், தகுந்த காரணம் இருப்பின் தாமதம் மன்னிக்கப்படலாம். நீதிபதிகள் இருவர் அடங்கிய அமர்வு சாட்சியங்களை மறுபரிசீலனை செய்து, தண்டனையை உறுதிசெய்யலாம், குறைக்கலாம், விடுதலை அளிக்கலாம், மறுவிசாரணைக்கும் உத்தரவிடலாம். விசாரணை முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை வழங்கவும் அதிகாரமுண்டு. மரண தண்டனையாயின், மேல்முறையீடு இல்லாவிடினும் உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாடு கட்டாயம்.

எடுத்துக்காட்டாக, காரியாபட்டி: விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வட்டாரத்துக்கான மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. மேல்முறையீடுகளை, 2004 ஜூலையில் தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விசாரிக்கிறது.

வரலாறு: பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் தண்டிக்கப்பட்ட திரை நடிகர்கள் எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன் ஆகியோரின் மேல்முறையீட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றைய இறுதி முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்ப, 1947இல் இருவரும் விடுதலையாயினர். இன்று இறுதி முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கே உரியது.