எழுதப்படாத பெயர்களைத் தேடி



முன்னோரின் வரலாற்றைத் தேடி எழுதிவைப்பது இன்று பலருக்கு ஓய்வுநேர ஈடுபாடாகியிருக்கிறது. நல்ல ஈடுபாடுதான். ஆனால் தேடத் தொடங்கும் பலர் மூன்றாம் தலைமுறையிலேயே நின்றுவிடுகிறார்கள். தகப்பனாரின் பெயர் நம் பெயருக்கு முன்னே ஓரெழுத்தாகச் சுருங்கி நிற்கிறது. பாட்டனாரின் பெயருக்கு அந்த ஓரெழுத்தும் இல்லை. பாட்டியைப் பெற்ற தாயின் பெயரைச் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

நம் மாகறல் வட்டாரம் எழுத்துக்குப் பஞ்சமான இடமன்று. செய்யாற்றின் கரையிலிருந்து உத்திரமேரூருக்குச் சென்றால், அங்கே கோயிற் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைக் காணலாம். அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரின் 30 குடும்புகளிலிருந்து வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையை அவை விதிக்கின்றன. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், 35-க்கு மேல் 70-க்குட்பட்ட வயதும், வேதக் கல்வியும் உடையவனுடைய பெயரே ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டது.

குடும்ப வரலாறு தேடுவோர் கவனிக்கவேண்டிய பகுதி ஒன்று அதில் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனோடு அவனுடைய உறவினரும் விலக்கப்படுகிறார்கள். தாயின் உடன்பிறந்தாள் மக்கள், தந்தையின் உடன்பிறந்தாள் மக்கள், தாய்மாமன், மாமனார், மருமகன், தகப்பன், மகன் என உறவுமுறைகள் ஒவ்வொன்றாய்ச் சொல்லப்படுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உறவின் வலையை இவ்வளவு நுட்பமாகக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அந்த வலையின் கண்ணிகளாக இருப்பவர்கள் தாயும் அத்தையும் தமக்கையுமே. ஆயினும் அவர்களில் ஒருத்தியின் பெயரும் குடத்தில் விழ வழியில்லை. அந்நிலங்களில் ஏர் பிடித்தவர்க்கும் நாற்று நட்டவர்க்கும் அங்கே இடமே இல்லை. நம்மில் பலருடைய முன்னோர் இவர்களே.

அப்படியானால் அவர்களை எங்கே தேடுவது?

முதலாவது, திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. 1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் எழுதப்பட்டவர்கள் 40 பேர். அச்சபையை நிலைநிறுத்திய குளோரிந்தா அம்மையாரும் அவர்களில் ஒருவர். பல சாதிகளிலிருந்து வந்தவர்களின் பெயர்கள் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டது அக்காலத்தில் சிறிய காரியமன்று. ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. ஞானஸ்நானத்தில் புதிய பெயர் சூட்டப்பட்டபோது பழைய பெயர் மறைந்துபோன குடும்பங்கள் பல. அங்கே நூல் அறுகிறது. பெற்றோரின் பெயர், ஊர், தொழில் ஆகிய குறிப்புகளைக் கொண்டே அதை மறுபடியும் முடிச்சிட வேண்டும்.

இரண்டாவது, நிலப் பதிவேடு. 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர், இம்மாவட்டத்தின் ஒடுக்கப்பட்ட மக்களுடைய நிலைமையை அறிக்கையாக அரசுக்கு எழுதினார். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ முதலிய ஊழியர்களும் அக்காலத்தில் இம்மக்களின் நிலவுரிமைக்காகக் குரல் கொடுத்தனர். 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் பிறந்த அரசாணையின்படி வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுகள்வரை அவற்றை விற்கலாகாது. அதன்பின்னும் அம்மக்களுக்குள்ளேயன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் ஏராளமான நிலம் கைமாறிப்போயிற்று. ஆகையால் பாட்டனாரின் பெயரைப் பழைய பதிவேட்டில் கண்டுபிடிப்பது சிலருக்கு வெறும் பொழுதுபோக்கன்று. இழந்த உரிமையின் சாட்சியும் ஆகும்.

மூன்றாவது, கப்பற்பட்டியல். 1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை 1,52,184 பேர் இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றார்கள். செங்கற்பட்டு மாவட்டத்தாரும் அவர்களில் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. ஆளைக் கூலிக்கணக்கில் அடக்க எழுதிய அதே பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து பேரப்பிள்ளைகள் தமிழகத்தில் தம் ஊரைத் தேடுகிறார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயரை, தமிழில் பலவாறு உச்சரித்துப் பார்த்தே கண்டறிய வேண்டியிருக்கிறது.

வேதமும் பெயர்ப்பட்டியல்களை அறியும். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களுள் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாமல், ஆசாரியத்துவத்துக்கு விலக்கானார்கள் (நெகே. 7:64). ஏடு இல்லாதவனுக்கு நேரும் துயரம் அது. மத்தேயுவோ, இரட்சகரின் வம்ச வரலாற்றில் தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியையும் சேர்த்து எழுதுகிறார். மற்றவர் மறைத்திருக்கக்கூடிய பெயர்களை அவர் மறைக்கவில்லை. அதே வேளையில், முடிவற்ற வம்சக் கதைகளில் மூழ்கவேண்டாம் என்று பவுல் தீமோத்தேயுவை எச்சரிக்கிறார் (1 தீமோ. 1:4). முன்னோரைத் தேடுவது சாதிப்பெருமையைத் தேடுவதாக மாறுமானால், பதிவேட்டைத் திறவாதிருப்பதே நலம். குடிப்பழக்கத்தால் நிலத்தை இழந்த பாட்டனாரும், கைவிடப்பட்டுத் தனித்து வாழ்ந்த அத்தையும் நம் வம்சத்தாரே. அவர்களையும் எழுதுங்கள்.

தொடக்கம் எளிது. முதலில் வீட்டிலுள்ள முதியவர்களிடம் அமர்ந்து கேளுங்கள். ஏடு காத்திருக்கும், அவர்கள் நெடுநாள் காத்திருக்க மாட்டார்கள். பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர் இரண்டையும் கேளுங்கள். பழைய மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். உறவினர் பெயரும் ஊரும் வரிசையாக அதில் இருக்கும். பத்திரம், பட்டா, கல்லறைக் கல் ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இருந்த குடும்பங்களில், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு வருவதைக் காண்பீர்கள். இருவரை ஒருவராக எண்ணிவிடாதீர்கள். கேள்விப்பட்டதையும் ஏட்டில் கண்டதையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

எவ்வளவு தேடினாலும் கிடைக்காத பெயர்கள் இருக்கும். களத்துமேட்டில் பிறந்து, ஒரு தாளிலும் ஏறாமல் மறைந்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். அவர்களுடைய இடத்தில் ஒரு வெற்றுக்கோடாவது இட்டு வையுங்கள். நமக்குத் தெரியாத அப்பெயரை, தாயின் கருவில் உருவாகுமுன்னே ஒவ்வொருவரையும் அறிந்திருக்கிற ஆண்டவர் அறிவார்.

கர்த்தர் உங்களையும் உங்கள் சந்ததியையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.