கடனில் எழுந்த கேலரியும் பங்கில் எழுந்த மைதானமும்

2013ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு கால்பந்து மைதானங்களுக்கான பணம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நகரத் தொடங்கியது. ஒன்று நார்தாம்ப்டன் நகரின் சிக்ஸ்ஃபீல்ட்ஸ். நகராட்சியே கட்டி, நகராட்சிக்கே சொந்தமாக இருந்த மைதானம் அது. அதன் கிழக்குக் கேலரியைப் பெரிதாக்க, அங்கே ஆடிவந்த நார்தாம்ப்டன் டவுன் கிளப்புக்குக் கடன் தர அந்த ஆண்டின் நடுவில் நகராட்சி முடிவெடுத்தது. மற்றொன்று மான்செஸ்டரின் வடக்கே மாஸ்டன் பகுதியில் உள்ள பிராட்ஹர்ஸ்ட் பார்க். மாநகராட்சியின் விளையாட்டுத் திடலைக் குத்தகைக்கு எடுத்து, எஃப்.சி. யுனைடெட் என்ற சிறிய கிளப் அங்கே மைதானம் கட்டும் வேலையை நவம்பரில் தொடங்கியது. இரண்டு இடத்திலும் நிலம் பொதுச் சொத்து. இரண்டிலும் ஆடுவது குத்தகைக்கு வந்த கிளப். பணம் வந்த வழிதான் வேறு. அந்த வேறுபாடு எங்கெங்கே கொண்டுபோய் விட்டது என்பது, ஊர் மைதானத்தின் மீது அக்கறை உள்ள எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

நகராட்சி மைதானத்தை மேம்படுத்துவதில் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் உண்டு. வாடகைக்குக் குடியிருப்பவர் தன் கைக்காசைப் போட்டு மாடி எடுக்கத் தயங்குவார். குடியிருப்பவரின் வியாபாரம் செழிக்க நான் ஏன் மாடி எடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரரும் கேட்பார். கிளப்புக்கும் நகராட்சிக்கும் இடையே நடப்பது இதுதான். இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. நகராட்சிகள் மைய அரசிடம் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கலாம். அப்படிப்பட்ட நகராட்சி ஒரு கிளப்புக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தானே கடன் கொடுத்தால், வங்கி கேட்கும் வட்டியைவிடக் குறைவாகக் கொடுத்தும் தன் கையில் சிறிது லாபம் நிற்கும். காகிதத்தில் யாருக்கும் நட்டமில்லை. கடன் திரும்பிவரும் என்பது மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்.

நார்தாம்ப்டன் செருப்புத் தைக்கும் தொழிலுக்குப் பேர்போன ஊர். கிளப்பை இன்றும் ‘காப்ளர்ஸ்’ என்றுதான் அழைக்கிறார்கள். 1897இல் தொடங்கிய கிளப், நூறாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கிரிக்கெட்காரர்களோடு ஒரே மைதானத்தைப் பங்கிட்டுக்கொண்டது. கிரிக்கெட் பிட்ச் இருந்த பக்கத்தில் கேலரியே இல்லை. மூன்று பக்கம் மட்டும் பார்வையாளர்கள். 1994 அக்டோபரில்தான், நகராட்சி கட்டிக்கொடுத்த சிக்ஸ்ஃபீல்ட்ஸுக்குக் கிளப் குடிபெயர்ந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் இருக்கைகள் கொண்ட எளிய மைதானம். பக்கத்து மேட்டில் ஏறி நின்றால் டிக்கெட் இல்லாமலே ஆட்டத்தின் ஒரு பகுதியைப் பார்க்கலாம். அந்த மேடு ஊர்க்காரர்களுக்கு மிகப் பிடித்த இடம்.

இந்த ஊரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1992 ஜனவரியில், கிளப் கடனில் மூழ்கிக்கிடந்தபோது, ரசிகர்கள் ஒன்றுகூடி ஒரு அறக்கட்டளையை ஏற்படுத்தினார்கள். ரசிகர்களிடம் திரட்டிய பணத்தைக் கிளப்பில் பங்காகப் போடுவது, பதிலுக்கு நிர்வாகக் குழுவில் ரசிகர்களே தேர்ந்தெடுத்த ஒருவரை உட்கார வைப்பது என்பதுதான் திட்டம். அப்படி உட்கார்ந்தவர் பிரையன் லோமாக்ஸ். இங்கிலாந்துக் கால்பந்தில் ரசிகர் அறக்கட்டளை என்ற அமைப்பு பிறந்தது இங்கேதான். பிறகு நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட கிளப்களில் அது பரவியது. ரசிகர்களின் கண் கணக்குப் புத்தகத்தின் மேல் இருக்க வேண்டும் என்று முதலில் சொன்ன ஊரில்தான், இருபது ஆண்டு கழித்து அப்படி ஒரு கண் இல்லாமல் பெரும்பணம் போனது.

2013–14இல் நகராட்சி கிளப்புக்குத் தவணை தவணையாகக் கொடுத்தது ஒரு கோடியே இரண்டரை லட்சம் பவுண்டு. 2011 கணக்கெடுப்பின்படி நார்தாம்ப்டனின் மக்கள்தொகை சுமார் 2 லட்சத்து 12 ஆயிரம். கைக்குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு 48 பவுண்டு. கேலரியைப் பெரிதாக்குவதோடு, ஹோட்டல் கட்டுவது, சுற்றியுள்ள நிலத்தை வளர்ப்பது என்றெல்லாம் திட்டம் விரிந்திருந்தது. அந்த நில வருமானத்திலிருந்து கடன் அடையும் என்பது கணக்கு.

பணம் போன பாதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நகராட்சியிடமிருந்து கிளப்புக்கு, கிளப்பிடமிருந்து திட்டத்தை நடத்த அமர்த்தப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு, அந்த நிறுவனத்திடமிருந்து, உண்மையில் கம்பியும் சிமென்ட்டும் கொண்டுவந்து இறக்கிய கான்ட்ராக்டருக்கு. நம் ஊரில் பொதுப்பணித்துறை வேலை பார்த்தவர்களுக்கு எம்-புக் தெரியும். ஜூனியர் இன்ஜினியர் டேப்பைப் பிடித்து அளந்து, நீளம் அகலம் கனம் எழுதி, மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே கான்ட்ராக்டர் பில் பாஸ் ஆகும். அந்த அளவுப் புத்தகத்தில் தில்லுமுல்லு நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டிய கட்டடத்துக்கும் போன பணத்துக்கும் இடையே ஒரு முடிச்சு இருக்கிறது. நார்தாம்ப்டனில் அந்த முடிச்சு தளர்ந்திருந்தது. போன பணம் அளவுக்குக் கேலரி எழுந்ததா என்று கடன் கொடுத்தவர் அவ்வப்போது போதிய அளவு சரிபார்க்கவில்லை.

2014இல் பணம் வந்து சேரவில்லை என்று கான்ட்ராக்டர் வேலையை நிறுத்தினார். திட்டத்தை நடத்த வந்த நிறுவனம் திவாலானது. கிழக்குக் கேலரி முன்பக்கம் இருக்கைகளோடும் பின்பக்கம் வெறும் கான்கிரீட் கூடாகவும் நின்றது. 2015இல் கிளப்பால் கடன் தவணை கட்ட முடியவில்லை. வரி பாக்கிக்காக வரித்துறை கிளப்பை மூடச் சொல்லி நீதிமன்றம் போனது. அந்த இலையுதிர்காலத்தில் வீரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. நவம்பரில் புதிய உரிமையாளர் வந்தார்; கிளப் உயிர்பிழைக்க வேண்டும் என்பதற்காக நகராட்சி கடனைக் கைவிட்டு, பதிலுக்கு மைதானத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் மீதான உரிமைகளைத் திரும்பப் பெற்றது. அப்படிச் சம்பளம் இல்லாமல் ஆடிய அதே அணி, அந்த சீசன் முடிவில் 99 புள்ளிகளோடு நான்காம் பிரிவில் முதலிடம் பிடித்தது. வீரர்களையும் பயிற்சியாளரையும் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

கடன் பணம் என்ன ஆனது என்பது பற்றிய காவல்துறை விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. நகராட்சியின் தணிக்கையாளர்களான கே.பி.எம்.ஜி. 2021இன் தொடக்கத்தில் பொதுநல அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். கடன் அவசரப்பட்டுக் கொடுக்கப்பட்டது, கிளப்பின் நிதிநிலையும் திட்டத்தின் ஆபத்துகளும் போதிய அளவு ஆராயப்படவில்லை, கொடுத்த பிறகு கண்காணிப்பு பலவீனமாக இருந்தது என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஏப்ரலில், அந்த மாவட்டத்தின் உள்ளாட்சி அமைப்பே மாற்றியமைக்கப்பட்டதில் நார்தாம்ப்டன் நகராட்சி இல்லாமல் போனது. அதற்குக் காரணம் இந்தக் கடன் அல்ல. மாவட்ட நிர்வாகத்தின் நிதி நெருக்கடி. ஆனாலும், பதில் சொல்ல வேண்டிய மன்றமே கலைந்துவிட்டது என்பது உண்மை. கேலரியோ ஏறத்தாழ பத்தாண்டு அரைகுறையாகவே நின்றது.

மான்செஸ்டர் கதை வேறு மாதிரி தொடங்குகிறது. 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியது. வாங்கக் கடன் எடுத்து, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றியது. பொறுக்காத ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறி, எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு; எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு. நவீனக் கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் ராச்டேல் நகரம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே அந்தச் சட்டமும் அந்தப் பழக்கமும் அவர்களுக்குப் புதிதல்ல.

பல ஆண்டு அவர்கள் அயலூர் மைதானத்தில், பெரும்பாலும் பெரி (Bury) நகரின் கிக் லேன் மைதானத்தில், வாடகைக்கு ஆடினார்கள். 2010இல் நியூட்டன் ஹீத் பகுதியில் மாநகராட்சி நிலத்தில் மைதானம் என்று திட்டம் வந்தது. 2011இல் மைய அரசு உள்ளாட்சிகளின் நிதியை வெட்டியதும் மாநகராட்சி பின்வாங்கியது. மாற்று இடமாக மாஸ்டன் கிடைத்தது. அங்கே குடியிருந்தவர்களில் பலர் எதிர்த்தார்கள். திறந்தவெளி போய்விடும், ஆட்ட நாளில் தெருவில் கார் நிறுத்த இடமிருக்காது என்று நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொதுத் திடலில் கட்டடம் வருகிறது என்றால் கேள்வி கேட்பது ஊர்க்காரர்களின் உரிமை. வழக்குகள் முடிந்து வேலை தொடங்க இரண்டு ஆண்டு ஆனது. அதற்குள் செலவும் ஏறிவிட்டது.

மொத்தச் செலவு 60 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அதில் சுமார் 20 லட்சம் பவுண்டு ரசிகர்களும் ஊர்க்காரர்களும் வாங்கிய சமூகப் பங்குகள். மீதி, விளையாட்டு வளர்ச்சி அமைப்புகளின் மானியம், மாநகராட்சியின் உதவி, கடன். சமூகப் பங்கின் விதிகள் கவனிக்கத் தக்கவை. குறைந்தது 200 பவுண்டு போட வேண்டும். சட்டம் அப்போது தனிநபருக்கு விதித்த உச்சவரம்பு 20,000 பவுண்டு. பங்கின் விலை ஏறாது. சந்தையில் விற்க முடியாது. சில ஆண்டுகளுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. பிறகும் சங்கத்தின் கையிருப்பு இடம்கொடுத்தால்தான் கிடைக்கும். திட்டம் கவிழ்ந்தால் போட்டது போனதுதான். இவ்வளவையும் விண்ணப்பத்திலேயே படித்துவிட்டுத்தான் ஜனங்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

2015 மே 29 அன்று போர்ச்சுகலின் பென்ஃபிகா அணியோடு ஆடி மைதானம் திறக்கப்பட்டது. 1968இல் அதே நாளில்தான் மான்செஸ்டர் யுனைடெட் பென்ஃபிகாவை வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. இம்முறை பென்ஃபிகா ஒரு கோலில் வென்றது, யாரும் வருந்தவில்லை. சுமார் 4,400 பேர் கொள்ளும் அந்த மைதானத்தை ஒட்டிய திடல்களில் மாஸ்டன் ஜூனியர்ஸ் சிறுவர்களும் ஆடுகிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வேகம். நார்தாம்ப்டனில் தீர்மானம் ஆன சில மாதங்களிலேயே பணம் புறப்பட்டுவிட்டது. மான்செஸ்டரில் திட்டம் அறிவித்ததிலிருந்து கதவு திறக்க ஐந்து ஆண்டு. அந்தத் தாமதம் ரசிகர்களுக்குச் சலிப்பூட்டியது, செலவையும் ஏற்றியது. ஆனால் அந்த ஐந்து ஆண்டில் மானியம் கொடுப்பவர் கணக்குக் கேட்டார், மாநகராட்சி கேட்டது, நீதிமன்றத்தில் அண்டை வீட்டார் கேட்டார், பொதுக்குழுவில் 200 பவுண்டு போட்டவர் எழுந்து நின்று கேட்டார். நார்தாம்ப்டனில் கடன் கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். இருவருக்கும் திட்டம் சீக்கிரம் நடக்க வேண்டும் என்ற ஆசை. இடையில் நின்று தடுத்துக் கேட்க மூன்றாவது ஆள் இல்லை.

நட்டம் யார் மேல் விழுகிறது என்பதிலும் இரண்டும் வேறுபடுகின்றன. மான்செஸ்டரில் திட்டம் கவிழ்ந்திருந்தால் முதல் அடி, தெரிந்தே பணம் போட்டவர்கள் மேல் விழுந்திருக்கும். நார்தாம்ப்டனில் அது விழுந்தது, கால்பந்தையே பார்க்காத பாட்டியின் வரிப்பணத்தின் மேல்.

மான்செஸ்டரைக் கோயிலாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. மைதானம் திறந்த மறு ஆண்டே சங்கத்துக்குள் பெரும் சச்சரவு வந்து நிர்வாகக் குழு மாறியது. கட்டுமானக் கடனின் சுமை கிளப்பை அழுத்தியது. 2019இல் அணி ஒரு படி கீழே இறங்கியது. ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பதால் கோல் விழுந்துவிடாது. தவிர, உலகின் மிகப் பெரிய கிளப் ஒன்றின் ரசிகர் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள் இவர்கள். 20 லட்சம் பவுண்டு திரட்டும் வலு எல்லா ஊருக்கும் இருக்காது. சின்ன ஊரில் பத்தில் ஒரு பங்கு திரண்டாலே பெரிது. ஆனாலும் அந்தப் பத்தில் ஒரு பங்கு அவசியம் வேண்டும் என்பதே என் கருத்து. கட்டடத்துக்கு அந்தப் பணம் போதாமல் இருக்கலாம். அதைப் போட்ட சில நூறு பேர் ஒவ்வொரு பில்லையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். லோமாக்ஸும் அவர் நண்பர்களும் 1992இல் ஏற்படுத்தியது அதைத்தான். 2013இல் நகராட்சி, கடன் தருவதற்கு முன், ரசிகர் அறக்கட்டளையின் பிரதிநிதி ஒருவர் கையெழுத்திடாமல் எந்தத் தவணையும் போகாது என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கலாம். அதற்கு ஒரு பவுண்டுகூடச் செலவாகியிருக்காது.

நம் ஊர் நகராட்சி மைதானங்களும் சிறப்பு நிதி, தனியார் பங்களிப்பு, குத்தகை என்று பல பெயர்களில் மேம்பாட்டுக்கு வருகின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒரு தீர்மானம் மன்றத்துக்கு வந்தால், ஒப்பந்த நகலையும், தவணையை விடுவிக்கும் நிபந்தனைகளையும், வேலை தொடங்கிய பிறகு அளவுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இவற்றைக் கேட்க விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.